இல்லாத வைரஸுக்கு வைத்தியம்

கணினியில் வைரஸ் புகுந்துவிட்டதாக அதன் உரிமையாளரை நம்பவைத்து, அதைச் சரிசெய்து தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் குற்றத்தைத் ‘தொழில்நுட்ப உதவி மோசடி’ என்று புலனாய்வு அமைப்புகள் குறிப்பிடுகின்றன. வைரஸ் என்பது உரிமையாளருக்குத் தெரியாமல் கணினிக்குள் நுழைந்து கோப்புகளைக் கெடுக்கவோ திருடவோ செய்யும் தீய நிரல். இந்த மோசடியில் பெரும்பாலும் அப்படி ஒரு நிரல் கணினியில் இருப்பதே இல்லை. இருப்பவை ஒரு பொய்யான எச்சரிக்கையும், அதில் அச்சிட்ட ஒரு தொலைபேசி எண்ணும், மறுமுனையில் கனிவாகப் பேசும் ஒரு குரலும்தான். இவ்வளவு எளிய கருவிகளைக் கொண்டு நடக்கும் இத்தொழிலில் அமெரிக்கர்கள் மட்டும் 2022இல் 80 கோடி டாலருக்கு மேலும், 2023இல் 92 கோடி டாலருக்கு மேலும், 2024இல் 146 கோடி டாலரும் இழந்ததாக அந்நாட்டு எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையம் கணக்கிட்டுள்ளது. இவை துணிந்து புகார் கொடுத்தவர்கள் தெரிவித்த தொகைகள் மட்டுமே; வெட்கத்தால் வாய்திறக்காதவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. 2024இல் பறிபோன தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு 60 வயதைக் கடந்தவர்களுடையது. அதாவது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முதுமைக்கென்று சேர்த்துவைத்த பணம்.

இந்தக் குற்றத்தோடு இந்தியாவுக்குள்ள தொடர்பு இருவகைப்பட்டது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளின் முதியவர்களைக் குறிவைக்கும் அழைப்புகளில் பெரும்பகுதி கொல்கத்தா, தில்லி, நொய்டா, குருகிராம் போன்ற நகரங்களில் இயங்கும் சட்டவிரோதக் கால் சென்டர்களிலிருந்து போகிறது என்பது ஒன்று. இந்தியர்களே பெருமளவில் இதற்கு இரையாகிறார்கள் என்பது மற்றொன்று: மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2021இல் 16 நாடுகளில் நடத்திய ஆய்வில், இத்தகைய மோசடியை எதிர்கொண்டதாகச் சொன்ன இந்தியர்கள் 69 விழுக்காட்டினர், பணத்தையும் பறிகொடுத்தவர்கள் 31 விழுக்காட்டினர். ஆகவே இதை எங்கோ வெளிநாட்டில் யாரோ முதியவருக்கு நேரும் கேடு என்று ஒதுக்கிவிட இயலாது.

இந்த மோசடியின் கிளைகள் பலவாயினும் அதன் வேர், ஓர் இணையப் பக்கத்தால் கணினியின் உள்ளே பார்த்து நோய் கண்டுபிடிக்க முடியும் என்ற தவறான எண்ணத்தில்தான் ஊன்றியிருக்கிறது. அந்த எண்ணம் நீங்கிவிட்டால், திரை எவ்வளவு சிவந்தாலும், ஒலிபெருக்கி எவ்வளவு அலறினாலும், கை தொலைபேசியை நோக்கிப் போகாது. எனவே, எச்சரிக்கைப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட, கணினியில் எது எதைப் பார்க்க முடியும் என்பதைப் புரிந்துகொள்வதே பயனுள்ள காப்பு.

பக்கத்தின் கண்ணுக்கு எட்டாதவை

இணையப் பக்கங்களைக் கொண்டுவந்து காட்டும் மென்பொருளுக்கு உலாவி என்று பெயர். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி ஆகியவை பரவலாகப் புழங்கும் உலாவிகள். எவரோ ஓர் அந்நியர் எழுதிய பக்கத்தைத் தன் வழியாகத் திறக்கிறோம் என்பதை அறிந்தே உலாவி வடிவமைக்கப்பட்டிருப்பதால், அந்தப் பக்கம் தன் எல்லைக்கு வெளியே போய்க் கணினியின் வன்தட்டிலுள்ள கோப்புகளைப் புரட்டிப் பார்க்காதபடி அது தடுத்துவைக்கிறது. பக்கத்தால் அறியக்கூடியவை சில: பார்வையாளரின் இணைய இணைப்புக்கு வழங்கப்பட்டுள்ள எண்ணாகிய ஐபி முகவரி, அதிலிருந்து ஊகிக்கத்தக்க ஊரின் பெயரும் இணைய நிறுவனத்தின் பெயரும், உலாவியின் வகை, இயங்குதளம் விண்டோஸா மேக்கா ஆண்ட்ராய்டா என்பது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் இந்த விவரங்கள் அதற்குப் போய்ச் சேர்கின்றன. மோசடிப் பக்கம் இவற்றையே எடுத்துத் தடித்த எழுத்தில் திரும்பக் காட்டும்போது, தன் ஊரையும் தன் இணைய நிறுவனத்தையும் திரையில் காணும் பார்வையாளர், இவ்வளவு தெரிந்தவர்களுக்கு வைரஸும் தெரிந்திருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறார். நோயாளியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே வீட்டில் யாருக்கு என்ன நோய் என்று சொல்லும் போலி வைத்தியருக்கும் இந்தப் பக்கத்துக்கும் வேறுபாடு இல்லை.

திரையில் ஓடும் ‘பரிசோதனை’யும் அப்படிப்பட்டதே. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக நகர்வதும், பச்சைக் கோடு நீள்வதும், இறுதியில் இத்தனை வைரஸ்கள் அகப்பட்டன என்று எண்ணிக்கை தோன்றுவதும் முன்கூட்டியே தயாரித்துவைத்த அசைபடம். யார் திறந்தாலும் அதே எண்ணிக்கைதான் வரும். ஒரு காலத்தில் இப்படங்கள் விண்டோஸ் கணினியின் தோற்றத்தில் மட்டுமே தயாரிக்கப்பட்டிருந்ததால், மேக் கணினி வைத்திருந்தவர்களுக்கும் அவர்களிடம் இல்லாத ‘சி’ டிரைவில் வைரஸ் இருப்பதாகக் காட்டப்பட்டது. இன்றைய பக்கங்கள் அதைவிட நேர்த்தியானவை: விண்டோஸோடு கூடவே வரும் பாதுகாப்பு மென்பொருளாகிய டிஃபெண்டரின் சாளரத்தை அச்சாக நகலெடுத்து, மைக்ரோசாஃப்ட் சின்னத்தையும் பொருத்தி, ஏதேனும் ஒரு பிழை எண்ணையும் தலைப்பில் இட்டுவைக்கின்றன.

கணினி பூட்டிக்கொண்டது போன்ற உணர்வும் உலாவியின் இயல்பான வசதிகளைக் கொண்டே உண்டாக்கப்படுகிறது. திரைப்படம் பார்ப்பவருக்காக, ஒரு சொடுக்கின்பேரில் முழுத்திரைக்கு விரியும் உரிமையைப் பக்கங்களுக்கு உலாவி தருகிறது. மோசடிப் பக்கம் அந்த உரிமையைப் பயன்படுத்தி, முகவரிப் பட்டையையும் மூடும் குறியையும் மறைத்துவிடுகிறது. சுட்டியின் அம்பு மறைக்கப்படுகிறது. ஓர் உரையாடல் பெட்டியை மூடினால் மற்றொன்று முளைக்கிறது. கணினியை அணைத்தால் தரவுகள் அழிந்துவிடும் என்று ஒரு பதிவுக் குரல் ஓயாமல் மிரட்டுகிறது. உண்மையில் எதுவும் பூட்டப்படவில்லை. உலாவியை மூடிய அந்த நொடியே அத்தனையும் மறைந்துவிடும் என்பதனால்தான், மூடாதே மூடாதே என்று அந்தக் குரல் அவ்வளவு பதறுகிறது.

இத்தகைய பக்கத்துக்கு ஒருவர் வந்துசேரும் வழிகளில் விளம்பரமே தலையானது. பெரிய செய்தித் தளங்கள்கூடத் தம் விளம்பர இடங்களைப் பிற முகமைகளுக்கு விடுகின்றன. அந்த முகமைகள் வழியாக யார் நுழைகிறார்கள் என்பது தளத்தாருக்கே எப்போதும் தெரிவதில்லை. 2009 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் இணையதளத்தில், ஒரு தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் முறையாக இடம் வாங்கியவர்கள், தொடக்கத்தில் ஒழுங்கான விளம்பரத்தை ஓடவிட்டு, வார இறுதியில் அதைப் போலி வைரஸ் எச்சரிக்கையாக மாற்றிவிட்டார்கள். எனவே, நல்ல தளத்தில்தானே இருந்தோம் என்ற எண்ணம் போதிய காப்பாகாது. இணைய முகவரியில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டுவது, திருட்டுத் திரைப்படத் தளங்களில் உள்ள போலியான பதிவிறக்கப் பொத்தானை அழுத்துவது ஆகியனவும் இங்கேதான் கொண்டுவந்து விடும். இவற்றோடு அதிகம் கவனிக்கப்படாத இன்னொரு வழியும் உண்டு: நீங்கள் இயந்திரம் இல்லை என்று நிரூபிக்க ‘அலோ’ பொத்தானை அழுத்துங்கள் என்று கேட்கும் பக்கம், உண்மையில் அறிவிப்புகள் அனுப்பும் அனுமதியைப் பெற்றுக்கொள்கிறது, அதன்பின் அந்தப் பக்கத்தை மூடிய பிறகும், திரையின் ஓரத்தில் ஆன்டிவைரஸ் காலாவதியாகிவிட்டது என்று நாள்தோறும் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். கணினிக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று பலரும் அஞ்சுவது இதைக் கண்டுதான். உலாவியின் அமைப்புகளில் அறிவிப்பு அனுமதிப் பட்டியலைத் திறந்து அந்தத் தளத்தை நீக்கினால் தொல்லை தீர்ந்துவிடும்.

உண்மையான எச்சரிக்கைகளும் உண்டு. அவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. ஆபத்தான தளத்துக்குப் போக முற்படும்போது உலாவியே முழுச் சிவப்பில் ஒரு தடுப்புப் பக்கத்தைக் காட்டும். அது பின்வாங்கும்படி மட்டுமே அறிவுறுத்தும், யாரையும் அழைக்கச் சொல்லாது. டிஃபெண்டர் எதையேனும் பிடித்தால் திரையின் மூலையில் சிறிய அறிவிப்பாகச் சொல்லிவிட்டு, அதைத் தானே தனிமைப்படுத்தும். தன் பிழைச் செய்திகளிலோ எச்சரிக்கைகளிலோ தொலைபேசி எண் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. வைரஸ் எச்சரிக்கையில் தொலைபேசி எண் இருந்தால் அது போலி என்று முடிவுசெய்ய இந்த ஓர் அறிகுறியே போதும்.

தொலைபேசியின் மறுமுனை

எண்ணை அழைத்தவரிடம் மறுமுனையில் இருப்பவர் முதலில் கேட்பது பணத்தை அன்று, அனுமதியை. எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்ற செயலிகள், ஓரிடத்திலுள்ள கணினியை மற்றோரிடத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் உதவும் முறையான கருவிகள். அலுவலகங்களின் கணினிப் பிரிவினர் அன்றாடம் பயன்படுத்துபவை. அவற்றில் ஒன்றை நிறுவச் செய்து, திரையில் தோன்றும் இணைப்பு எண்ணைச் சொல்லச் செய்துவிட்டால், உரிமையாளரின் சுட்டி அந்நியர் கைக்குப் போய்விடுகிறது. எந்த வைரஸாலும் அவ்வளவு எளிதாகப் பெற முடியாத அதிகாரத்தை உரிமையாளரே எடுத்துக் கொடுக்கிறார்.

அடுத்து நடப்பது விண்டோஸின் சாதாரணப் பக்கங்களைத் திறந்து காட்டி அச்சுறுத்தும் நாடகம். விண்டோஸ் தனக்குள் நடக்கும் ஒவ்வொன்றையும் எழுதிவைக்கும் ‘ஈவென்ட் வியூவர்’ என்ற நிகழ்வுப் பதிவேட்டில், அச்சுப்பொறி ஒரு கணம் பதிலளிக்கவில்லை, ஒரு சேவை தாமதமாகத் தொடங்கியது என்பன போன்ற அற்பச் செய்திகள்கூடச் சிவப்பு வட்டமும் மஞ்சள் முக்கோணமும் இட்ட பிழைகளாகப் பதிவாகியிருக்கும். நன்றாக இயங்கும் கணினியிலும் இவை நூற்றுக்கணக்கில் இருப்பது வழக்கம். இவற்றைத்தான் வைரஸ்கள் என்று காட்டுகிறார்கள். கட்டளைச் சாளரத்தில் ‘அசாக்’ என்ற கட்டளையை இட்டால் வரும் பட்டியலின் கடைசிப் பகுதியில் 888 என்று தொடங்கும் நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். இது உங்கள் கணினிக்கு மட்டும் உரிய உரிம எண், எங்கள் பதிவேட்டிலும் இதே எண்தான் இருக்கிறது, ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அழைத்தவரையே வாசிக்கச் செய்வார்கள். எண் பொருந்துவதைக் கண்டு அவர் திகைப்பார். உலகிலுள்ள விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் அதே எண்தான் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. தேவைப்படாததால் ஓடாமல் நிற்கும் சேவைகளின் பட்டியலைக் காட்டி, ஹேக்கர்கள் உங்கள் பாதுகாப்பை நிறுத்திவிட்டார்கள் என்பார்கள். கணினி அந்நேரம் தொடர்பிலுள்ள இணையச் சேவையகங்களின் முகவரிகளைக் காட்டி, இவர்கள்தான் உங்கள் கணினியில் இப்போது அமர்ந்திருக்கிறார்கள் என்பார்கள். காட்டப்படும் எதுவும் போலியன்று. சொல்லப்படும் பொருள் மட்டுமே பொய். கண்ணால் கண்டதை மறுக்க மனம் துணியாது என்பதால், இந்நாடகம் படித்தவர்களிடமும் பலிக்கிறது.

நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தக்க சான்று. வைரஸ் ஏதுமற்ற கணினிகளை வைத்துக்கொண்டு அவர்கள் 60 மோசடிக்காரர்களோடு பேசிப் பார்த்தபோது, மறுமுனையினர் மேற்சொன்ன வித்தைகளையே திரும்பத் திரும்பக் கையாண்டு, சராசரியாக 17 நிமிடப் பேச்சில், சராசரியாக 291 டாலர் அளவுக்குக் கட்டணம் கேட்டார்கள். மனப்பாடமாகச் சொல்லப்படும் எழுதிவைத்த வசனங்கள் என்பதனால், ஒருமுறை இவற்றை அறிந்துகொண்டவருக்கு மறுமுறை ஏமாறும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

சில நூறு டாலர் பறிப்பதோடு நிறுத்திக்கொண்டது பழைய காலம். இப்போது, செலுத்திய கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று மீண்டும் வருகிறார்கள். வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்லி, உலாவியில் தெரியும் பக்கத்தின் எழுத்துகளைத் திருத்தும் வசதியைக் கொண்டு, 300 டாலருக்குப் பதில் 30,000 டாலர் வரவாகிவிட்டது போலத் திரையில் காட்டி, அதிகமாக வந்ததைத் திருப்பித் தராவிட்டால் தன் வேலை போய்விடும் என்று அழுகிறார்கள். அத்திருத்தம் அந்தத் திரையில் மட்டுமே இருக்கும். வங்கியின் கணக்கில் ஒரு சல்லிக்காசும் ஏறியிருக்காது. இரக்கப்பட்ட முதியவர் தம் சொந்தப் பணத்தைக் கடைகளில் விற்கும் பரிசு அட்டைகளாக வாங்கி, அவற்றின் எண்களைத் தொலைபேசியில் வாசித்துவிடுகிறார். எண் கைமாறியதும் மீட்க வழியில்லாத அளவுக்குப் பணம் போய்விடுகிறது.

இன்னும் கொடிய வடிவத்தை 2023 செப்டம்பரில் எஃப்பிஐ பகிரங்கமாக எச்சரித்தது. முதலில் ஒருவர் கணினி நிறுவன ஊழியராகப் பேசி ஊடுருவலைக் ‘கண்டுபிடிப்பார்’. அடுத்து ஒருவர் வங்கி அதிகாரியாகப் பேசி, கணக்கிலுள்ள பணத்தை ‘பாதுகாப்பான’ இடத்துக்கு மாற்றச் சொல்வார். மூன்றாமவர் அரசு அதிகாரியாகப் பேசி, மாற்றுவதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கட்டளையிடுவார். ஒருவர் சொல்வதை அடுத்தவர் உறுதிப்படுத்துவதால் ஐயம் எழ இடமே இல்லாமல், வாழ்நாள் சேமிப்பு முழுவதும் கைமாறுகிறது. சேமிப்பைத் தங்கக் கட்டிகளாக வாங்கவைத்து, வீட்டு வாசலுக்கே ஆளனுப்பிப் பெற்றுச்செல்லும் கும்பல்களைப் பற்றியும் அதே அமைப்பு 2024இல் எச்சரித்தது.

தொழிலாக வளர்ந்த குற்றம்

இக்குற்றத்தின் முதல் வடிவம் தொலைபேசி இல்லாதது. இல்லாத வைரஸைக் காட்டிப் பயனற்ற மென்பொருளை விற்கும் இம்முறைக்கு ‘ஸ்கேர்வேர்’, அதாவது அச்சுறுத்தி விற்கும் மென்பொருள், என்று பெயர் வந்தது. உக்ரைனின் கீவ் நகரிலிருந்து இயங்கிய இன்னவேட்டிவ் மார்க்கெட்டிங் என்ற நிறுவனம், வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் முதலிய பெயர்களில் இப்படி விற்று 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரை ஏமாற்றியதாக, நுகர்வோர் நலனைக் காக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2012இல் நீதிமன்றம் 16 கோடி 30 இலட்சம் டாலர் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. 2008ஐ ஒட்டி, கால் சென்டர் அனுபவமும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் மலிவான இணையத் தொலைபேசியும் ஒன்றுகூடிய இந்திய நகரங்களில் இம்மோசடி மனிதக் குரலைப் பெற்றது. 2012 அக்டோபரில் அதே ஆணையம் ஆறு தொழில்நுட்ப உதவி மோசடி அமைப்புகள்மீது ஒரே வேளையில் வழக்குத் தொடுத்தபோது, அவற்றில் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து இயங்கியவை.

2018 அக்டோபர், நவம்பர் மாதங்களில் மைக்ரோசாஃப்ட் அளித்த புகாரின்பேரில் தில்லியிலும், பின்னர் குருகிராம், நொய்டா ஆகிய புறநகர்களிலுமாக 26 கால் சென்டர்களில் காவல்துறை சோதனை நடத்தியது. 2023 அக்டோபரில் மத்தியப் புலனாய்வுத் துறையாகிய சிபிஐ, மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் புகார்களையும் அடிப்படையாகக் கொண்டு ‘ஆபரேஷன் சக்ரா 2’ என்ற பெயரில் நாடெங்கும் 76 இடங்களில் சோதனையிட்டது. அந்நிறுவனங்களின் ஊழியர்களாக நடித்த ஒன்பது கால் சென்டர்கள் அவற்றுள் அடங்கும். ஆயினும் பாதிக்கப்பட்டவர் ஒரு நாட்டிலும், குற்றவாளி மற்றொரு நாட்டிலும், பணம் போய்ச் சேர்வது மூன்றாம் நாட்டிலுமாக இருப்பதால் வழக்குகள் எளிதில் முடிவதில்லை. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞர்கள் மாதச் சம்பளத்துக்காக இந்த நாற்காலிகளில் அமர்கிறார்கள் என்பதும் மறைக்கத்தக்கதன்று. ஆனால், தன் பாட்டியின் வயதுள்ள ஒருத்தியை அழவைத்துச் சம்பாதிக்கும் வேலையை, வேலையின்மையைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

பெயர்பெற்ற நிறுவனங்களும் இந்தத் தந்திரத்திலிருந்து விலகி நிற்கவில்லை என்பதுதான் மனத்தை உறுத்துவது. அமெரிக்காவின் பெரிய சில்லறை விற்பனை நிறுவனங்களில் ஒன்றான ஆஃபீஸ் டிப்போவின் கடைகளில், 2009 முதல் 2016 நவம்பர் வரை, வாடிக்கையாளர்களின் கணினிகளைப் ‘பிசி ஹெல்த் செக்’ என்ற நிரல் இலவசமாகப் பரிசோதித்தது. கணினி மெதுவாக ஓடுகிறதா, வைரஸ் எச்சரிக்கை வந்ததா என்பன போன்ற நான்கு கேள்விகளில் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்று குறியிட்டாலே, தீய நிரலின் அறிகுறிகள் தென்படுகின்றன என்று அது முடிவு காட்டிவிடும். பரிசோதனைக்கும் முடிவுக்கும் தொடர்பே இல்லை. வணிக ஆணையத்தின் இக்குற்றச்சாட்டை முடித்துக்கொள்ள 2019இல் அந்நிறுவனம் 2 கோடி 50 இலட்சம் டாலரும், நிரலை வழங்கிய சப்போர்ட் டாட் காம் நிறுவனம் 1 கோடி டாலரும் செலுத்த இணங்கின. தெருமுனைக் கணினிக் கடையாயினும் பளபளக்கும் பெருங்கடையாயினும், என்ன கண்டுபிடித்தீர்கள், எந்தக் கோப்பில், காட்டுங்கள் என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

ஏமாறுபவர் யார்

ஏமாந்தவர்களை அறிவிலிகள் என்று எண்ணுவது இக்குற்றத்துக்குச் செய்யும் பேருதவி. மைக்ரோசாஃப்டின் ஆய்வு, எண்ணிக்கையில் அதிகம் ஏமாந்தவர்கள் இளைய தலைமுறையினர் என்று காட்டியது. முதியவர்கள் ஒவ்வொருவரும் இழக்கும் தொகை பெரியது என்பதே வேறுபாடு. ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டன் யூடியூபர், மோசடிக் கால் சென்டர்களின் கணினிகளுக்குள்ளேயே புகுந்து, அவர்களின் கண்காணிப்புக் கேமராக்களைக்கூடப் பதிவுசெய்து உலகுக்குக் காட்டியவர். அவர் திரட்டிய சான்றுகளைக் கொண்டு பிபிசி 2020இல் ஒரு நிகழ்ச்சியே தயாரித்தது. அத்தகையவரையும் 2021 ஜூலையில், யூடியூப் உதவிப் பிரிவினர் போல நடித்த ஒருவர் நம்பவைத்து, அவருடைய யூடியூப் சேனலை அவர் கையாலேயே நீக்கச் செய்தார். அவர் அதை மறைக்காமல் உடனே வெளியிட்டது, யாரும் ஏமாறக்கூடும் என்ற உண்மையை மற்றவர்கள் உணர்வதற்காகத்தான். பயமும் அவசரமும் அதிகாரக் குரலும் ஒன்றுசேரும்போது, அறிவு எவ்வளவு இருந்தாலும் அது செயற்படுவதற்கு நேரம் கிடைப்பதில்லை.

கைப்பேசிக்குள் வந்த மோசடி

கணினியைவிடக் கைப்பேசியே பரவலாக உள்ள நம் நாட்டில் இம்மோசடி வேறு உருவம் கொண்டுள்ளது. பணம் திரும்பவில்லை, பொருள் வரவில்லை, வங்கிச் செயலி திறக்கவில்லை என்று தவிக்கும் ஒருவர் கூகுளில் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடும்போது, மோசடிக்காரர்கள் பதிந்துவைத்த போலி எண் முதலில் வந்து நிற்கிறது. இங்கே போலி எச்சரிக்கைக்கே தேவையில்லாமல் போகிறது. பாதிக்கப்பட்டவர் தாமாகவே அழைக்கிறார், அழைத்தது தாமே என்பதனால் ஐயப்படுவதும் இல்லை. திரையைப் பகிரும் செயலியை நிறுவச் சொல்லி, அதில் தோன்றும் ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டுப் பெற்று, யுபிஐ வழியே பணத்தை எடுக்கும் இம்முறையைப் பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே வங்கிகளை எச்சரித்தது. திரை பகிரப்பட்டிருக்கும்போது, குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியை யாரிடமும் சொல்லாமல் இருந்தாலும் பயனில்லை. அது திரையில் தோன்றும்போதே மறுமுனையினர் படித்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணை வங்கி அட்டையின் பின்புறத்திலிருந்தோ, பாஸ்புக்கிலிருந்தோ, அதிகாரபூர்வச் செயலியின் உள்ளிருந்தோ எடுப்பது ஒன்றே நம்பத்தக்க வழி.

திரை அலறும்போது

போலி எச்சரிக்கை தோன்றினால் அதிலுள்ள எந்தப் பொத்தானையும், மூடும் குறி போலத் தெரிவதையும்கூட, அழுத்தாமல் விசைப்பலகைக்கு வருவது நல்லது. எஸ்கேப் விசையைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை சுருங்கி உலாவியின் உண்மையான மூடும் குறி வெளிப்படும். அதுவும் பயன்தராவிட்டால், விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி, ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளின் பட்டியலைத் திறந்து உலாவியை நிறுத்தலாம். மேக் கணினியில் ஆப்ஷன், கமாண்ட், எஸ்கேப். ஒன்றும் தெரியாதவர் மின்பொத்தானை அழுத்திப் பிடித்துக் கணினியை அணைத்துவிடலாம். சேமிக்காத வேலை போகுமே தவிர, மிரட்டப்பட்டதுபோல் வேறெதுவும் அழியாது. மீண்டும் திறக்கும்போது, முன்பிருந்த பக்கங்களை மீட்கவா என்று உலாவி கேட்டால் மறுத்துவிட வேண்டும். மனநிறைவுக்காக டிஃபெண்டரைக் கொண்டு முழுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். இந்திய அரசின் ‘சைபர் ஸ்வச்சதா கேந்திரா’ 2017 முதல் தீய நிரல்களை நீக்கும் கருவிகளை இலவசமாக வழங்குகிறது.

இந்தச் சுமையைப் பயனர் தலையில் மட்டும் ஏற்றுவதும் நியாயமில்லை. வெளியார் தொழில்நுட்ப உதவி விளம்பரங்களை மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி 2016இலும் கூகுள் 2018இலும் கட்டுப்படுத்தின. முழுத்திரை மிரட்டல் பக்கங்களைக் கணினியிலேயே இனங்கண்டு தடுக்கும் வசதிகளை எட்ஜ், குரோம் உலாவிகள் 2025இல்தான் கொண்டுவந்தன. விளம்பரத்தால் வாழும் நிறுவனங்கள் பத்தாண்டுக்கு மேல் தாமதித்தன என்றே சொல்ல வேண்டும்.

அந்நியருக்குக் கணினியையோ கைப்பேசியையோ இயக்க அனுமதி கொடுத்தாயிற்று என்றால், முதலில் இணைய இணைப்பைத் துண்டித்து, நிறுவிய செயலியை நீக்கி, வேறொரு கருவியிலிருந்து மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றி, வங்கிக்கு உடனே தகவல் சொல்ல வேண்டும். பணம் போயிருந்தால் 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைக்க வேண்டும். 2021இல் ஏற்பட்ட இந்த ஏற்பாட்டின்படி, புகார் விரைந்து வந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே அதை முடக்கிவைக்க வங்கிகளால் இயலும். மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை, வாடிக்கையாளரே கடவுச்சொல்லைப் பகிர்ந்த நேர்வில்கூட, அவர் வங்கிக்குத் தெரிவித்த பிறகு நேரும் இழப்பை வங்கியே ஏற்க வேண்டும் என்கிறது. ஆகவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு. சில வாரங்கள் கழித்து, இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் செலுத்துங்கள் என்று வரும் அழைப்பு, பெரும்பாலும் அதே கும்பலுடையது அல்லது அவர்களிடமிருந்து பெயர்ப்பட்டியலை வாங்கியவர்களுடையது.

தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் தொழில்நுட்ப அறியாமையன்று. பிள்ளைகள் ஏசுவார்களே, இனி வங்கிக் கணக்கைக் கையில் தரமாட்டார்களே என்ற அச்சம். வீட்டிலுள்ள பெரியவர் ஒருவர் நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்ல வரும்போது, ஏன் ஏமாந்தீர்கள் என்று கேட்காமல், முதலில் அவர் பக்கத்தில் அமர்ந்து 1930ஐ அழையுங்கள்.